கைவிடப்பட்டவனின் முறையீடு

துன்பக் காலத்தில் மதம் மனிதனுக்கு எதைத் தருகிறது என்று கேட்டால் 'ஆறுதல்' என்ற விடையே பெரும்பாலும் வரும். மதத்தைப் போற்றுபவர்கள் அந்த ஆறுதலுக்காகவே அதைப் போற்றுகிறார்கள், பழிப்பவர்களும் அதற்காகவே பழிக்கிறார்கள். 1844இல் வெளியான, ஹெகலைப் பற்றிய தம் கட்டுரையில் மதத்தை அபினியோடு ஒப்பிட்ட கார்ல் மார்க்ஸும், கிரேக்கத் தொன்மத்தில் வரும் பண்டோராவின் கலயத்தில் கடைசியாகத் தங்கிய நம்பிக்கைதான் மனிதனின் வேதனையை நீட்டித்துக்கொண்டே போவதால் தீமைகளுள் கொடியது என்று 1878இல் வெளிவந்த நூலொன்றில் எழுதிய நீட்சேயும், வெவ்வேறு வழியாக வந்து சேர்ந்த இடம் ஒன்றே: நம்பிக்கை வலியை மழுங்கச் செய்து மனிதனை ஏமாற்றுகிறது. இந்தக் குற்றச்சாட்டைக் கிறித்தவ மரபின் மூலநூல்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. அந்நூல்களில் நம்பிக்கையின் பேச்சு பல இடங்களில் வலியை அதன் முழு அளவில் கடவுளின் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்வதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே, இடுக்கண் காலத்தில் கிறித்தவ விசுவாசம் தரும் துணிவு எங்கே பிறக்கிறது என்று தேடுபவர்கள் ஆறுதல் வசனங்களுக்கு முன்பாகப் புலம்பல்களைப் படிக்கவேண்டும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

சொற்களை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. கிறித்தவ இறையியல், அதாவது கடவுளைப் பற்றிய முறைப்பட்ட சிந்தனை, விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்ற மூன்றையும் கடவுளையே இலக்காகக் கொண்ட நற்பண்புகளாகக் கருதுகிறது. கடவுளை ஏற்று அவரிடம் தன்னை ஒப்படைப்பது விசுவாசம். அவர் வாக்களித்ததும் இன்னும் கைக்கு வராததுமான நன்மையை நோக்கிக் காத்திருப்பது நம்பிக்கை. பின்னதைத் தமிழ்க் கத்தோலிக்கர் இன்று 'எதிர்நோக்கு' என்பர். 13ஆம் நூற்றாண்டின் பேரறிஞரான தாமஸ் அக்குவினாஸ், நம்பிக்கைக்கு உரிய பொருளுக்கு நான்கு இயல்புகள் உண்டு என்றார்: அது நன்மையாக இருக்கவேண்டும், எதிர்காலத்தில் இருக்கவேண்டும், அடைவதற்கு அரியதாக இருக்கவேண்டும், ஆயினும் அடையக்கூடியதாக இருக்கவேண்டும். அடைய முடியாது என்று கைவிடுபவன் அவநம்பிக்கையில் விழுகிறான்; உழைப்பும் மனமாற்றமும் இன்றியே எல்லாம் வந்துசேரும் என்று இறுமாந்திருப்பவன் அதற்கு எதிரான குற்றத்தில், மிதமிஞ்சிய துணிச்சலில், விழுகிறான். இந்த இரண்டையும் நம்பிக்கைக்கு எதிரான பாவங்களாக அக்குவினாஸ் அருகருகே வைத்தது கவனிக்கத்தக்கது, ஏனெனில் 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற எளிய சமாதானம் அவருடைய கணக்கில் அவநம்பிக்கைக்கு மாற்று மருந்தாகாது, அதுவும் ஒரு நோய்தான்.

எபிரேய வேதாகமத்தின் வழிபாட்டுப் பாடல் தொகுப்பு 150 பாடல்களைக் கொண்டது. புராட்டஸ்தாந்துத் தமிழர் அவற்றைச் சங்கீதங்கள் என்றும் கத்தோலிக்கர் திருப்பாடல்கள் என்றும் வழங்குகின்றனர். இப்பாடல்களை அவற்றின் வடிவத்தையும் அவை பாடப்பட்ட சூழலையும் கொண்டு வகைப்படுத்திய ஜெர்மானிய ஆய்வாளர் ஹெர்மன் குங்கல் (1862-1932), அவற்றுள் மிகுதியாகக் காணப்படும் வகை புலம்பல் பாடலே என்று காட்டினார். தொகுப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவ்வகையைச் சேரும் என்பது பொதுவான கணிப்பு. புகழ்ச்சிப் பாடல் நூல் என்று பெயர்பெற்ற ஒன்றில் புகழ்ச்சியைவிட முறையீடே மிகுந்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது. புலம்பல் பாடலுக்கு ஓர் ஒழுங்கும் உண்டு: பாடுபவர் கடவுளைப் பெயர்சொல்லி அழைக்கிறார், தம் நிலையை எடுத்துரைக்கிறார், உதவி கேட்கிறார், தம் பற்றுறுதியை வெளியிடுகிறார், விடுதலை கிடைத்தால் சபை நடுவே நன்றி செலுத்துவதாக நேர்ந்துகொள்கிறார். 13ஆம் சங்கீதம் எத்தனை காலம் என்ற ஒரே கேள்வியை நான்கு முறை கடவுளிடம் கேட்டுவிட்டு, ஆறே வசனங்களுக்குள் மகிழ்ச்சிப் பாட்டாக முடிகிறது. 22ஆம் சங்கீதம் கடவுள் தன்னைக் கைவிட்டது ஏன் என்ற கதறலில் தொடங்கி, எலும்புகள் கழன்று உடல் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் நிலையை விவரித்தபின், ஓரிடத்தில் சட்டென்று துதிக்கு மாறுகிறது.

இந்தத் திடீர் மாற்றம் ஆய்வாளர்களை நெடுங்காலம் குழப்பியது. புலம்பலுக்கும் துதிக்கும் இடையில், ஆலயத்தில் இருந்த குரு 'பயப்படாதே' என்ற தொனியில் கடவுளின் பெயரால் ஒரு விடுதலை வாக்கை அறிவித்திருக்கவேண்டும், அதைக் கேட்டதனாலேயே பாடுபவரின் மனம் மாறியது என்று ஆய்வாளர் யோவாகிம் பெக்ரிக் 1934இல் ஒரு விளக்கம் தந்தார். ஏற்கத்தக்க விளக்கம்தான். ஆனால் அப்படியொரு வாக்கு உண்மையாகவே ஒலித்திருந்தாலும், பாடல்களைத் தொகுத்தவர்கள் அதை ஏட்டில் எழுதிவைக்கவில்லை என்பது இன்னும் முக்கியமானது. பிற்காலத்தில் நோய்ப் படுக்கையிலோ சிறையிலோ நாடுகடத்தலிலோ இப்பாடலைச் சொன்னவர் எவரும் அந்தக் குருவின் குரலைக் கேட்கவில்லை. முறையீட்டிலிருந்து துதிக்குச் செல்லும் இடைவெளியை விடை ஏதும் கிடைக்காமலேயே அவர்கள் தாண்டவேண்டியிருந்தது. தாண்ட முடியாதவர்களுக்கும் அத்தொகுப்பில் இடம் இருந்தது. 88ஆம் சங்கீதத்தில் அந்தத் திருப்பமே இல்லை. அது இருளைச் சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. இப்பாடலை நீக்கிவிடவோ இறுதியில் ஒரு நல்வாக்கை ஒட்டிவைக்கவோ தொகுப்பாளர்களுக்கு வாய்ப்பு இருந்தும் அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையோ அதை வெள்ளிக்கிழமை இரவு செபத்துக்கு உரியதாக வைத்து, வாரந்தோறும் துறவிகளும் குருக்களும் உறங்கப்போகுமுன் சொல்லுமாறு செய்திருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இப்படிப்பட்ட பேச்சு அந்நியமாகப் படாது. திருவொற்றியூரில் செய்த சூளுறவை மீறியதால் கண்பார்வை இழந்த சுந்தரர், சிவனோடு உரிமையோடு வழக்காடிப் பாடிய பதிகங்கள் தேவாரத்தில் உள்ளன. கடவுளைக் கடிந்துகொள்வதும் அன்பின் ஒரு வடிவம் என்பதைச் சைவ பக்தி நன்றாக அறிந்திருந்தது. கிறித்தவத் தமிழிலும் அந்த ஓட்டம் வற்றவில்லை. கோவாவில் பிறந்து இலங்கையில் பணியாற்றிய குரு யாக்கோமே கொன்சால்வெஸ் (1676-1742) இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' கிறிஸ்துவின் பாடுகளை ஒப்பாரியின் நடையில் சொல்லும் நூல். ஈழத்துக் கத்தோலிக்கத் தமிழரிடையே தவக்காலத்தில் அது இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்துள்ளது. பெரிய வெள்ளியன்று சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் மும்மணி ஆராதனையும், கைவிடப்பட்ட கதறலான நான்காம் வார்த்தையில் சற்று நேரமாவது நிற்கச் செய்கிறது. ஆனால் ஆண்டின் மற்ற நாட்களில் நிலைமை வேறு. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் பல சபைகளில் வழங்கப்படும் வாக்குத்தத்த அட்டைகளில் செழிப்பையும் வெற்றியையும் பாதுகாப்பையும் கூறும் வசனங்களே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. 88ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் எவருடைய கையிலும் வந்து விழுவதில்லை. அந்த ஆண்டிலேயே பிள்ளையைப் பறிகொடுக்கும் ஒரு தாய், கையில் இருக்கும் அட்டைக்கும் வீட்டில் நடந்ததற்கும் பொருத்தம் காண முடியாமல், தன் விசுவாசம்தான் குறைவோ என்று தன்னையே குற்றம்சாட்டிக்கொள்ளும் நிலை இந்தத் தேர்வின் விளைவு.

இதே குற்றச்சாட்டைத்தான் யோபுவின் நண்பர்கள் யோபுவின்மேல் சுமத்தினார்கள். 42 அதிகாரங்கள் கொண்ட யோபு நூலில், பிள்ளைகளையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்தவனைக் காணவரும் மூன்று நண்பர்கள் ஏழு நாட்கள் வாய் திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். அதன்பின் பேசத் தொடங்கி, கடவுள் நீதியுள்ளவர், ஆகவே துன்பப்படுபவன் ஏதோ தவறு செய்திருக்கவேண்டும் என்ற கணக்கைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்கிறார்கள். யோபுவோ தன் பிறந்த நாளைச் சபிக்கிறான், கடவுளை வழக்குக்கு இழுக்கிறான், அவர் தன்னை வேட்டையாடுவதாகக் குற்றம்சாட்டுகிறான். நூலின் முடிவில் கடவுள் நண்பர்களைப் பார்த்து, யோபுவைப் போல அவர்கள் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று சினம் கொள்கிறார். கடவுளுக்காக வாதாடியவர்கள் கண்டிக்கப்பட, கடவுளோடு வாதாடியவன் ஏற்கப்படுகிறான். பெருவின் ஏழை மக்களிடையே வாழ்ந்த இறையியலாளர் குஸ்தாவோ குத்தியேரெஸ் 1986இல் யோபுவைப் பற்றி ஒரு நூல் எழுதியபோது, குற்றமற்றவர்கள் துன்புறும் இடத்தில் நின்றுகொண்டு கடவுளைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதையே அதன் மையக் கேள்வியாக வைத்தார். யோபுவின் கதையில் இன்னொன்றும் உண்டு: தன் துன்பத்துக்குக் காரணமாக விண்ணுலகில் கடவுளுக்கும் சாத்தானுக்கும் இடையே நடந்த பேச்சு யோபுவுக்குக் கடைசிவரை தெரிவிக்கப்படவில்லை. வாசகர் அறிந்ததை அவன் அறியாமலேயே நூல் முடிகிறது.

புதிய ஏற்பாட்டுக்கு வரும்போது புலம்பல் மறைந்து வெற்றி முழக்கம் மட்டும் மிஞ்சும் என்று எதிர்பார்ப்பவர்களை மாற்கு நற்செய்தி ஏமாற்றுகிறது. சிலுவையில் தொங்கும் இயேசு சாகுமுன் பேசியதாக மாற்கு பதிவுசெய்யும் சொற்கள் 22ஆம் சங்கீதத்தின் தொடக்க வரியே. அதற்குப் பின் ஒரு பெருங்கூக்குரல், பிறகு மரணம். இயேசு அந்தச் சங்கீதம் முழுவதையும் மனத்தில் வைத்தே அதன் முதல் வரியைச் சொன்னார், எனவே அவர் சொல்லாமல் சொன்னது அதன் இறுதித் துதிதான் என்று சில உரையாசிரியர்கள் சமாதானம் கூறுவதுண்டு. அது வலியைத் தவிர்க்கும் வாசிப்பு என்றே தோன்றுகிறது. துதிவரை போகவேண்டும் என்று மாற்கு நினைத்திருந்தால் துதியின் வரியை எழுதியிருப்பார். அந்நற்செய்தியின் முடிவும் இதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ச் சுவடி, வத்திக்கான் சுவடி ஆகிய இரு பழம்பெரும் கையெழுத்துப் பிரதிகளிலும் மாற்கு நற்செய்தி 16ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது: கல்லறை வெறுமையாக இருப்பதைக் கண்டு, அவர் உயிர்த்தெழுந்தார் என்ற அறிவிப்பைக் கேட்ட பெண்கள், நடுங்கி ஓடி, அச்சத்தால் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. உயிர்ப்பு என்ற கிறித்தவ நம்பிக்கையின் ஆணிவேரையே அறிவிக்கும் பகுதி அச்சத்தில் முடிவதைப் பொறுக்கமுடியாமல்தான் பிற்காலத்தார் மேலும் சில வசனங்களைச் சேர்த்தார்கள் என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகின்றனர்.

திருத்தூதர் பவுலின் கடிதங்கள் அச்சமும் நம்பிக்கையும் ஒரே நெஞ்சில் குடியிருப்பதை ஒளிவுமறைவின்றிக் காட்டுகின்றன. ஆசியாவில் தமக்கு நேர்ந்த இக்கட்டில் உயிர்பிழைப்போம் என்ற எண்ணமே அற்றுப்போனதாகக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் முதல் அதிகாரத்திலேயே அவர் ஒப்புக்கொள்கிறார். மகிழ்ச்சியைப் பற்றி மிகுதியாகப் பேசும் பிலிப்பியர் கடிதமோ சிறையிலிருந்து எழுதப்பட்டது. உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் 5ஆம் அதிகாரத்தில் உபத்திரவத்திலிருந்து பொறுமையும், பொறுமையிலிருந்து சோதித்தறியப்பட்ட உறுதியும், அந்த உறுதியிலிருந்து நம்பிக்கையும் பிறக்கும் என்று அவர் அடுக்கும் வரிசையில் நம்பிக்கை கடைசியில் வருகிறது. நம்பிக்கை இருந்தால் துன்பத்தைத் தாங்கலாம் என்பது வழக்கமான எண்ணம். பவுலோ துன்பத்தைத் தாங்கித் தாங்கித்தான் நம்பிக்கை உருவாகிறது என்கிறார். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, நம்பிக்கையற்றவர்கள் துக்கிப்பது போலத் துக்கிக்கவேண்டாம் என்றாரே தவிர, துக்கத்தை அவர் தடைசெய்யவில்லை. சாவு வீட்டில் கண்ணீர் விடுவதை விசுவாசக் குறைவாகப் பார்க்கும் போதகர்கள் இந்த வசனத்தைப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

துணிவைப் பற்றி அக்குவினாஸ் சொன்னதை இங்கே சேர்த்துப் பார்ப்பது பொருந்தும். போர்க்களத்தில் பாய்ந்து தாக்குவதே வீரத்தின் உச்சம் என்று எண்ணியிருந்த காலத்தில், துணிவின் முதன்மையான செயல் தாங்கிநிற்பதே என்று அவர் வாதிட்டார். தாக்குபவன் தன்னை வலியவனாகக் கருதிச் செல்கிறான், தாங்குபவன்மேலோ தன்னிலும் வலியது வந்து மோதுகிறது. தாக்குபவனுக்கு ஆபத்து இனிமேல் வரவிருப்பது, தாங்குபவனுக்கு அது ஏற்கெனவே வந்துவிட்டது. தாக்குதல் ஒரு நொடியில் முடியலாம், தாங்குதல் நாட்கணக்கில் நீளும் என்பன அவர் காட்டிய காரணங்கள். புற்றுநோய் மருத்துவமனையில் ஆறு மாதம் கிடப்பவரின் துணிவும், வேலையிழந்த வீட்டில் நாள்தோறும் அடுப்பை மூட்டுபவரின் துணிவும் இந்த அளவுகோலில் போர்வீரனின் துணிவுக்குக் குறைந்தவை ஆகமாட்டா.

பின்வந்த காலங்களில் இந்தப் புலம்பல் மரபு எப்படி உயிர்பெற்றது என்பதற்கு 20ஆம் நூற்றாண்டில் தெளிவான சான்றுகள் உள்ளன. அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் பேருந்துகளில் நிலவிய நிறப் பாகுபாட்டை எதிர்த்து 1955 டிசம்பர் 5இல் கறுப்பின மக்கள் தொடங்கிய புறக்கணிப்புப் போராட்டத்துக்கு 26 வயதுப் போதகரான மார்ட்டின் லூதர் கிங் தலைமை ஏற்றிருந்தார். 1956 ஜனவரி 27 இரவில் வந்த ஒரு கொலை மிரட்டல் தொலைபேசி அழைப்புக்குப் பின் உறக்கம் வராமல் சமையலறையில் உட்கார்ந்திருந்த அவர், கோழை என்ற பெயர் வாங்காமல் இதிலிருந்து எப்படி விலகுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு, தாம் அஞ்சுவதையும் தம் வலிமை முழுவதும் தீர்ந்துபோனதையும் வாய்விட்டுக் கடவுளிடம் சொன்னார்; அந்த வேண்டுதலுக்குப் பிறகே தமக்குள் ஒரு திடம் வந்தது என்று 1958இல் வெளியான தம் நூலில் அவர் எழுதினார். அவரது அனுபவம் 13ஆம் சங்கீதத்தின் அமைப்பையே கொண்டிருக்கிறது: அழைப்பு, முறையீடு, வேண்டுதல், திருப்பம். ஆபத்து இம்மியும் குறையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மூன்று நாட்களில், மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தபோது அவர் வீட்டின்மேல் குண்டு வீசப்பட்டது. அவர்கள் உயிர் தப்பினர். ஆயுதங்களோடு திரண்ட தம் மக்களை அமைதியாகக் கலைந்துபோகுமாறு முன்வாசலில் நின்று கேட்டுக்கொண்டவர், மூன்று இரவுகளுக்கு முன் விலகிக்கொள்ள வழி தேடிய அதே மனிதர்.

கிங் தனியாகப் பிரார்த்தித்தாலும் அந்த மொழியை அவருக்குக் கற்றுத்தந்தது ஒரு சமூகம். அடிமைக் காலத்தில் பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்கள் பாடிய ஆன்மிகப் பாடல்கள் துயரத்தையும் விடுதலை வேட்கையையும் ஒரே மூச்சில் சொல்பவை. அவற்றின் இறையியல் ஆழத்தை கறுப்பின இறையியலாளர் ஜேம்ஸ் கோன் 1972இல் ஒரு தனி நூலில் ஆராய்ந்தார். சங்கீதங்களும் இப்படித்தான். அவற்றுள் பல 'நான்' என்று ஒருமையில் பேசினாலும் சபை கூடிப் பாடுவதற்காகத் தொகுக்கப்பட்டவை. ஒருவர் தம் துயரத்தைத் தம் சொந்தச் சொற்களில் சொல்ல வலுவற்றுப் போகும்போது, முன்னோர் எவரோ சொல்லிவைத்த சொற்கள் அவருக்குக் கிடைக்கின்றன. துணிவு என்பது தனிமனிதரின் நெஞ்சுரம் என்றே பேசிப் பழகிவிட்ட காலத்தில், கடன்வாங்கிய சொற்களாலும் ஒருவர் நிமிர்ந்து நிற்க முடியும் என்பது எளிதில் மறந்துபோகிறது.

ஹிட்லர் ஆட்சியை எதிர்த்த லூத்தரன் இறையியலாளர் டீட்ரிக் பொன்ஹோபர் 1940இல் வெளியிட்ட ஒரு சிறுநூல் சங்கீதங்களைப் பற்றியதே. அடுத்த ஆண்டே அவர் எதையும் வெளியிடக்கூடாது என்று தடை வந்தது. 1943 ஏப்ரல் 5இல் கைதாகிப் பெர்லினின் டேகல் சிறையில் இருந்தபோது, 1944 ஜூலையில், அவர் எழுதிய ஒரு கவிதை தம்மைப் பற்றிய இரண்டு சித்திரங்களை எதிரெதிரே நிறுத்துகிறது: சிறைக் காவலர்கள் கண்ட, அமைதியும் கம்பீரமும் நிறைந்த மனிதர் ஒருபுறம், கூண்டுப் பறவைபோல் அமைதியற்று ஏங்கித் தவிக்கும், தமக்கு மட்டுமே தெரிந்த மனிதர் மறுபுறம். இவற்றுள் எது உண்மை என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை; எதுவானாலும் தாம் கடவுளுக்கு உரியவர் என்று முடித்தார். 1945 ஏப்ரல் 9இல், தம் 39ஆம் வயதில், ஃப்ளாசன்பூர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார். இரண்டே வாரத்தில் அமெரிக்கப் படை அந்த முகாமை விடுவித்தது. அவர் முழந்தாளிட்டுச் செபித்து, மிக அமைதியாகச் சாவை ஏற்றதாக முகாம் மருத்துவர் பத்து ஆண்டுகளுக்குப் பின் எழுதிய சாட்சியம் பிரசங்கங்களில் இன்றும் அடிக்கடி சொல்லப்படுகிறது. அதன் உண்மைத்தன்மையை ஆய்வாளர்கள் பலர் ஐயுறுகின்றனர். அந்தச் சாட்சியம் இல்லாமல் போனாலும் இழப்பு ஒன்றுமில்லை. அச்சத்தை மறைக்காத சிறைக் கவிதை பொன்ஹோபரின் துணிவுக்கு அதைவிட நம்பத்தகுந்த சாட்சி.

சிறையும் நம்பிக்கையும் தமிழில் சந்தித்த இடமும் ஒன்று உண்டு. உரிமம் இன்றிப் பிரசங்கித்ததற்காக 1660இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டில் சிறைப்பட்டு ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் அங்கிருந்த ஜான் பனியன் எழுதி 1678இல் வெளியான மோட்சப் பயண நூலில், கிறிஸ்தியான் என்ற பயணியும் அவன் தோழனும் ஐயக் கோட்டையில் அவநம்பிக்கை என்ற அரக்கனிடம் அகப்படுகிறார்கள். தற்கொலை செய்துகொள்ளுமாறு அரக்கன் அவர்களைத் தூண்டுகிறான். கோட்டைக் கதவுகளைத் திறக்கும் 'வாக்குறுதி' என்ற சாவி தன் மார்புக்குள்ளேயே இருப்பது கிறிஸ்தியானுக்கு நாட்கள் சில சென்றபின்தான் நினைவுக்கு வருகிறது. கம்பனில் ஊறிய வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இந்த நூலைத் தழுவி 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியமாகத் தந்தார். பனியனின் உருவகத்தில் நுட்பமானது எதுவென்றால், சாவி கையில் இருப்பவனும் கோட்டைக்குள் அடைபடுவான், அடிபடுவான், சாக நினைப்பான் என்பதே.

இவ்வளவும் துன்பத்தைச் சகித்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லும் போதனை ஆகாதா என்ற ஐயம் எழுவது நியாயம். அதற்கு மிக விரிவான விடை தந்தவர் ஜெர்மானிய இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் (1926-2024). 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையில் உதவியாளாக இருந்த 17 வயது இளைஞர் அவர்; பக்கத்தில் நின்ற நண்பன் குண்டுக்கு இரையாக, அவர் மட்டும் பிழைத்தார். மதப்பற்று இல்லாத வீட்டில் வளர்ந்த அவர் அந்த இரவில்தான் முதன்முறையாகக் கடவுள் எங்கே என்று கேட்டதாகப் பின்னாளில் கூறினார். 1945இல் பிரித்தானியரிடம் பிடிபட்டு 1948வரை கைதியாக இருந்த காலத்தில், படைக் குருவானவர் ஒருவர் தந்த வேதாகமத்தில் 39ஆம் சங்கீதத்தையும், கைவிடப்பட்ட இயேசுவின் கதறலை மாற்குவிலும் படித்தபோது, தம்மைப் புரிந்துகொண்ட ஒருவரைக் கண்டதாக அவருக்குத் தோன்றியது. 1964இல் அவர் வெளியிட்ட 'நம்பிக்கையின் இறையியல்' நூலின் கருத்து, உயிர்ப்பை நம்புபவன் நடப்பு உலகத்தோடு சமாதானமாக இருக்க முடியாது என்பது. வரப்போவது எத்தகையது என்று அறிந்தவனுக்கு இருப்பது பொறுக்க முடியாததாகிறது, ஆகவே நம்பிக்கை அவனை அமைதிப்படுத்தாமல் கிளர்ந்தெழச் செய்கிறது. மார்க்ஸின் அபினிக்கு இதைவிட நேரான மறுப்பைக் காண்பது அரிது.

ஆனால் மோல்ட்மன் அதோடு நிற்கவில்லை. 1972இல் வெளியான 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' நூலில், சிலுவைத் துன்பம் கடவுளுக்கு உள்ளேயே நிகழ்வது, மகன் சாவை அனுபவிக்க, தந்தை மகனின் சாவை அனுபவிக்கிறார் என்று வாதிட்டு, எலீ வீசலின் 'இரவு' நூலில் வரும், நாஜி முகாமில் தூக்கில் தொங்கும் சிறுவனின் காட்சியையும் அந்த வாதத்துக்குள் கொண்டுவந்தார். யூதச் சிறுவன் ஒருவனின் சாவுக்குக் கிறித்தவப் பொருள் கற்பிக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்ற கண்டனம் எழுந்தது. தன் மகனையே சாவுக்கு ஒப்புக்கொடுக்கும் தந்தை என்ற சித்திரம் கொடுமையில் இன்புறும் கடவுளைக் காட்டுகிறது என்று ஜெர்மானிய இறையியலாளர் டொரத்தே ஸோலே அடுத்த ஆண்டே எழுதினார். கத்தோலிக்க இறையியலாளர் யோஹன் பாப்டிஸ்ட் மெட்ஸ் (1928-2019) எழுப்பிய மறுப்பு இன்னும் அடிப்படையானது. அவரும் போரில் சிக்கிய இளைஞர்தான்: 16 வயதில் படையில் சேர்க்கப்பட்டு, செய்தி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது தம் அணியைச் சேர்ந்த அனைவரும் பிணமாகக் கிடக்கக் கண்டவர். கடவுளும் துன்புறுகிறார் என்று சொல்வது துன்பத்துக்குக் கடவுளிடத்திலேயே ஓர் இருக்கை அமைத்துக் கொடுத்து, அதை நிலைபெறச் செய்துவிடும் என்று மெட்ஸ் அஞ்சினார். அவுஷ்விட்ஸுக்குப் பிறகும் கிறித்தவர்கள் செபிக்க முடிவது, அவுஷ்விட்ஸுக்கு உள்ளேயே செபித்தவர்கள் இருந்ததால்தான் என்பது அவருடைய நிலை. துன்பம் ஏன் என்ற கேள்விக்கு இறையியல் விடை சொல்லக்கூடாது, அதைக் கடவுளிடமே திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும் என்றார்.

இவ்விரண்டில், துன்பத்தில் கிடப்பவருக்கு மோல்ட்மனின் கடவுள் அருகில் இருக்கிறார் என்பதை மறுப்பதற்கில்லை; பல சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் அந்த அருகாமையே மனிதர்களை நிமிர்த்தியிருக்கிறது. எனினும் சங்கீதங்களின் போக்கு மெட்ஸின் பக்கமே சாய்கிறது. எத்தனை காலம் என்று கேட்பவர், கூடச் சேர்ந்து அழும் ஒருவரிடம் அதைக் கேட்பதில்லை. நிலைமையை மாற்ற வல்லவர், மாற்றவேண்டியவர், இன்னும் மாற்றாதவர் என்று தாம் நம்பும் ஒருவரிடமே கேட்கிறார். முறையிடுவதற்கு ஆள் இருக்கிறார் என்ற அந்த எண்ணம் போய்விட்டால் புலம்பலும் நின்றுவிடும், அதோடு பவுல் சொன்ன வரிசையின் கடைசிக் கண்ணியும் அறுந்துபோகும். இருவருக்கும் இடையிலான இந்த வழக்கை இறையியல் இதுவரை தீர்த்துவைக்கவில்லை. தீர்ப்பதைக் கடினமாக்குவது, மோல்ட்மனும் சரி, மெட்ஸும் சரி, தங்கள் நிலைக்கு இறுதி ஆதாரமாக மாற்கு நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் உள்ள அதே கதறலைத்தான் காட்டினார்கள் என்பது.